சிறு மருத்துவமனையை ஆபா இணைப்புக்குள் கொண்டுவருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

50, 100 படுக்கை உள்ள மருத்துவமனைகளில் கணினிப் பிரிவையோ எம்.ஆர்.டி. எனப்படும் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவையோ பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயாளிக்கு ஆபா என்ற சுகாதாரக் கணக்கு எண் கொடுத்து, அவருடைய மருத்துவப் பதிவுகளைச் செல்போனில் பார்க்க வழி செய்யும் மத்திய அரசுத் திட்டம் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன். அதோடு இணையச் சொல்லி நிர்வாகம் கேட்டிருக்கும். நீங்களும் முதல் வேலையாக சாஃப்ட்வேர் வெண்டருக்கு போன் போட்டிருப்பீர்கள். பலர் தடுக்கி விழுவது அங்கேதான். வெண்டர் தன் வேலையை முடித்து, பில்லும் வாங்கிப் போன பிறகு, நோயாளியின் செல்போனில் ஒரு ரிப்போர்ட்டும் வந்து சேராது. தேடிப் போனால் கோளாறு பதிவு கவுன்டரில் இருக்கும்.

ஆகவே வரிசை மாறக் கூடாது. முதலில் நோயாளிப் பதிவேடு. சாஃப்ட்வேரும் கவுன்டரும் அதற்குப் பிறகு.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்பில் மருத்துவப் பதிவுகளைக் குவித்து வைக்கும் மத்திய கிடங்கு என்று எதுவும் கிடையாது. ரிப்போர்ட் உங்கள் சர்வரிலேயே இருக்கும். யாருடைய ரிப்போர்ட் எங்கே இருக்கிறது என்ற குறிப்பும், அதைப் பார்க்க நோயாளி கொடுத்த சம்மதமும்தான் நடுவில் பயணம் செய்யும். ரிப்போர்ட் தரும் இடத்தை ஹிப் என்றும், பெறும் இடத்தை ஹியூ என்றும் சொல்வார்கள். நடுவில் இருப்பது சம்மத மேலாளர். உங்கள் மருத்துவமனை ஹிப், ஹியூ இரண்டுமாக இருக்கப் போகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வாங்கிய பதிவுச் சான்றிதழ், எல்லா மருத்துவர்களின் மருத்துவ கவுன்சில் பதிவு எண்கள், சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல், வெண்டரோடு போட்ட ஒப்பந்தத்தின் நகல். இந்த நான்கையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். கடவுச்சொல் வேலையை விட்டுப் போன ஒருவரிடம் மட்டும் இருப்பதையும், ஒப்பந்த நகல் ஆடிட்டர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு பொறுப்பாளர். கணினி தெரிந்தவர் என்பதைவிட, கவுன்டர் பெண்களும் லேப் டெக்னீஷியனும் மருத்துவரும் பேச்சுக் கொடுக்கும் ஆளாக அவர் இருக்க வேண்டும். இந்த மூன்று இடங்களிலும் ஒரே நேரத்தில் பழக்கத்தை மாற்றும் வேலை இது. எம்.ஆர்.டி.யில் 10 வருடம் இருந்த ஒருவர் இதற்குப் பொருத்தமாக இருப்பார்.

2. நோயாளிப் பதிவேட்டைச் சுத்தம் செய்யுங்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான். அவசரப்படாதீர்கள்.

நோயாளி தன் ஆபா செயலியில் உங்கள் மருத்துவமனையைத் தேடும்போது அவருடைய பெயர், பாலினம், பிறந்த ஆண்டு, செல்போன் எண் எல்லாம் உங்கள் சர்வருக்கு வரும். உங்கள் பதிவேட்டில் அவற்றோடு பொருந்தும் ஆளை சாஃப்ட்வேர் தேடும். பதிவேட்டில் இருப்பது அரைகுறை விவரம் என்றால் ஆள் கிடைக்க மாட்டார். அதைவிட மோசம், வேறு ஆள் கிடைப்பார்.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், சோதனை ஓட்டத்தில் 22 வயதுப் பெண் ஒருவரின் கணக்கில் சர்க்கரை நோய்க்கான ரிப்போர்ட் வந்து நின்றது. பார்த்தால் அவருடைய பாட்டியின் ரிப்போர்ட். பாட்டி பெயர்தான் பேத்திக்கும். இருவருக்கும் பதிவில் இருந்தது மகனின் ஒரே செல்போன் எண். பாலினமும் ஒன்று. பிறந்த ஆண்டு மட்டுமே இருவரையும் பிரித்திருக்கும். ஆனால் கவுன்டரில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் சாஃப்ட்வேர் தானாக 01-01-2000 என்று போட்டுக்கொண்டிருந்தது. பாட்டிக்கும் அதேதான் போட்டிருந்தது. சோதனையில் பிடிபட்டதால் தப்பித்தோம்.

இந்தப் பாடத்திலிருந்து வந்த வரிசை இது:

அ) பிறந்த தேதியில் 01-01-1900, 01-01-2000 போல இருக்கும் எல்லாப் பதிவுகளையும் தனிப் பட்டியலாக எடுங்கள். அவற்றை உடனே திருத்த முடியாது. ஆனால் 'சரிபார்க்கப்படவில்லை' என்று குறியிட முடியும். குறியிட்ட பதிவு எதையும் தானாகப் பொருத்தக் கூடாது என்று சாஃப்ட்வேரில் நிபந்தனை வையுங்கள்.

ஆ) வயது 40, 45, 50, 55 என்றே வரிசையாக இருந்தால் அவை கேட்டு எழுதிய வயது அல்ல, பார்த்து எழுதிய வயது. 'அம்பது இருக்கும்' என்று போட்டவை. அவற்றிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்குப் போட்டு நிரப்பாதீர்கள். தப்பான ஆண்டைவிட காலிக் கட்டம் மேல். ஏனென்றால் காலிக் கட்டத்தை யாராவது ஒருநாள் கேட்டு நிரப்புவார்கள்.

இ) ஒரே செல்போன் எண்ணில் 4 பேருக்கு மேல் பதிவாகியிருந்தால் அந்தப் பட்டியலையும் எடுங்கள். பெரும்பாலும் ஒரு குடும்பமாக இருக்கும். சில சமயம் ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் எண்ணாகவும் இருக்கும்.

ஈ) ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று யு.எச்.ஐ.டி. (மருத்துவமனை தரும் நோயாளி எண்) இருந்தால் ஒன்றாக்குங்கள். இதைக் கணினியிடம் முழுதாக விடாதீர்கள். நம் பெயர்கள் அதற்கு இடம் தராது. தமிழில் லட்சுமி என்று ஒரே மாதிரி சொல்லும் பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். தலைப்பெழுத்து ஒரு பதிவில் முன்னால், இன்னொன்றில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்தே மாறியிருக்கும். கணினி சந்தேகப் பட்டியலைத் தரட்டும். ஒன்றாக்கும் பொத்தானை எம்.ஆர்.டி. ஆள் அழுத்தட்டும். தவறாகச் சேர்த்தால் பிரித்தெடுக்க வழி இருக்கிறதா என்று வெண்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பதிவுகள் எல்லாம் சரியான பிறகுதான் அடுத்த படி என்று காத்திருக்க வேண்டியதில்லை. கடைசி 2 வருடத்தில் வந்துபோனவர்களின் பதிவு சுத்தமானால் போதும். மற்றவர்களை அவர்கள் மறுபடி வரும்போது கவுன்டரில் திருத்திக்கொள்ளலாம்.

3. மருத்துவர்களையும் மருத்துவமனையையும் பதிவு செய்யுங்கள்

இரண்டு பதிவேடுகள் இருக்கின்றன. மருத்துவர்களுக்கு ஹெச்.பி.ஆர்., நிறுவனங்களுக்கு ஹெச்.எஃப்.ஆர். இரண்டாம் படி ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைத் தொடங்கிவிடலாம்.

மருத்துவர் பதிவை முதலில் ஆரம்பியுங்கள். ஆதார், கவுன்சில் பதிவு எண், சான்றிதழ் நகல் கொடுத்த பிறகு கவுன்சில் சரிபார்க்க வேண்டும். அதற்கு எடுக்கும் நாட்கள் உங்கள் கையில் இல்லை. சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர் என்று இருக்கும் மருத்துவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

மருத்துவமனைப் பதிவில் பெயரையும் முகவரியையும் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே போடுங்கள். போர்டில் எழுதிய பெயரைப் போடாதீர்கள். கிளை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வாங்க வேண்டும். எல்லாக் கிளைக்கும் ஒரே எண்ணை வைத்தால், எந்தக் கட்டடத்தில் எடுத்த ரிப்போர்ட் என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது.

4. சாஃப்ட்வேர்: இருப்பதா, புதியதா

உங்கள் வெண்டர் ஏற்கெனவே, இந்தத் திட்டத்தை நடத்தும் தேசிய சுகாதார ஆணையத்தின் சோதனைகளைத் தாண்டியவரா என்று ஆணையத்தின் தளத்திலேயே பார்க்கலாம். எம்1, எம்2, எம்3 என்று மூன்று கட்டங்கள் உண்டு. எம்1 ஆபா எண் உருவாக்குவதும் சரிபார்ப்பதும். எம்2 பதிவுகளை இணைத்து அனுப்புவது. எம்3 பிற இடத்துப் பதிவுகளைச் சம்மதம் வாங்கிப் பார்ப்பது. 'நாங்க இன்டகிரேட் ஆயிட்டோம் சார்' என்றால் எந்தக் கட்டம் வரை என்று கேளுங்கள். எம்1 மட்டும் முடித்தவர்களும் அதையே சொல்வார்கள். எம்1 மட்டும் இருந்தால் நோயாளிக்கு ஒரு எண் கிடைக்கும், அதோடு சரி.

வெண்டர் மூன்றையும் முடித்திருந்தால் கீழே 8ஆம் படியில் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது. சொந்தமாக எழுதிய சாஃப்ட்வேர் என்றால் தேவைப்படும். ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: வெண்டரை மாற்றினால் நோயாளிப் பதிவுகளோடு இணைப்பு விவரங்களையும் முழுதாக ஒப்படைக்க வேண்டும். அது இல்லாமல் மாறினால், நோயாளி செயலியில் தலைப்பு மட்டும் தெரியும், திறந்தால் ஒன்றும் வராது.

5. கவுன்டரில் எம்1

ஆபா எண் 14 இலக்கம். ஆதார் ஓ.டி.பி. மூலம் உருவாக்குவதுதான் வழக்கம். செயலியில் நடக்கும் எல்லாவற்றுக்கும் ஆபா முகவரி என்று இன்னொன்று உண்டு. இரண்டையும் உங்கள் யு.எச்.ஐ.டி.யோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். எண்ணை மட்டும் சேமித்துவிட்டு அடுத்த கட்டத்தில் திண்டாடியவர்கள் உண்டு.

கவுன்டரில் உண்மையில் நடப்பது இதுதான்.

"பாட்டி, ஆதார்ல எந்த நம்பர் குடுத்திருக்கீங்க?"

"அது மூத்தவன் நம்பரும்மா. அவன் திருப்பூர்ல இருக்கான்."

ஓ.டி.பி. திருப்பூருக்குப் போய்விட்டது. கவுன்டர் பெண் மகனுக்கு போன் செய்கிறார். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து யாரோ ஆதார் ஓ.டி.பி. கேட்டால் அவர் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. பின்னால் 30 பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

இதற்கு மூன்று ஏற்பாடு. கைரேகை, முகம் வழியாகவும் ஆதார் சரிபார்க்கலாம். அதற்கான கருவியை ஒரு தனி மேசையில் வையுங்கள், பதிவு வரிசையில் வைக்காதீர்கள். செயலி வைத்திருப்பவர்களுக்கு வாசலிலேயே கியூஆர் கோடு ஒட்டுங்கள். அவர்கள் ஸ்கேன் செய்தால் விவரம் தானாக வந்து டோக்கன் விழும், தட்டச்சுப் பிழைக்கு இடமே இருக்காது. மூன்றாவதாக, ஆபா இல்லாமலே ஓ.பி. சீட்டு போடும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஆபா விருப்பத்தின் பேரில் எடுப்பது. இல்லை என்பதற்காக வைத்தியம் தாமதமானால் அது பெரிய தவறு. அடுத்த முறை வரும்போது இணைத்துக்கொள்ளலாம்.

ஒரு மருத்துவமனையில் தினமும் இத்தனை ஆபா என்று கவுன்டருக்கு இலக்கு வைத்தார்கள். விளைவு, என்ன ஏது என்று சொல்லாமலே ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்கி எண்ணை உருவாக்கிக் கொடுத்தார்கள். நோயாளிகளின் கடவுச்சொற்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதியும் வைத்திருந்தார்கள். அந்த நோட்டைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணிக்கையை இலக்காக வைக்காதீர்கள்.

பெயரை ஆதாரிலிருந்து வந்தபடியே வையுங்கள். ஊழியர்கள் 'அழகாக' திருத்துவார்கள், தலைப்பெழுத்தை முன்னால் நகர்த்துவார்கள். பதிவை இணைக்கும் நேரத்தில் பெயர், பாலினம், பிறந்த ஆண்டு மூன்றும் ஆபாவில் உள்ளதோடு ஒத்துப் போகாவிட்டால் இணைப்பு மறுக்கப்படும். உள்ளூரில் கூப்பிடும் பெயருக்குத் தனிக் கட்டம் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

6. எதை ஒரு பதிவாக எண்ணுவது

ஒவ்வொரு இணைப்பும் 'கேர் கான்டெக்ஸ்ட்' என்ற அலகில் நடக்கும். ஒரு ஓ.பி. வருகைக்கு ஒன்று, ஒரு உள்நோயாளி அனுமதிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி ஒருவருக்கு ஒன்றே ஒன்று என்று வைத்தால், 'போன மாதம் எடுத்தது மட்டும்' என்று அவர் சம்மதம் தர வழியில்லாமல் போகும். ஒவ்வொரு தாளுக்கும் ஒன்று என்று வைத்தால் செயலியில் 60 வரி ஓடும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

தலைப்பில் கவனம் தேவை. 'பொது மருத்துவம், ஓ.பி.' என்பதும் தேதியும் போதும். நோயின் பெயரோ பரிசோதனையின் பெயரோ தலைப்பில் வரக் கூடாது. நம் வீடுகளில் செல்போன் ஒருவருடையது மட்டும் இல்லை. கருக்கலைப்பு, எச்.ஐ.வி., மனநலம் இவற்றில் தலைப்பு ஒன்றே ஒருவரின் வாழ்க்கையைக் குலைத்துவிடும்.

7. ரிப்போர்ட்டின் வடிவம்

அனுப்பும் தகவல், மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான எஃப்.எச்.ஐ.ஆர். என்ற பொது வடிவத்தின் 4ஆம் பதிப்பில் இருக்க வேண்டும். பேச்சில் ஃபயர் என்பார்கள். இந்தியாவுக்கான வார்ப்புகளை, மின்னணு மருத்துவப் பதிவுத் தரங்களுக்கான தேசிய மையமான என்.ஆர்.சி.இ.எஸ். வெளியிட்டிருக்கிறது. மருந்துச் சீட்டு, ஓ.பி. குறிப்பு, லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி என்று தனித்தனி வார்ப்புகள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். லேப் ரிப்போர்ட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் முதலில். காரணம், நோயாளி அடுத்த மருத்துவமனைக்கு மஞ்சப்பையில் தூக்கிப் போவது இவை இரண்டையும்தான். இவை ஏற்கெனவே தட்டச்சாகியும் இருக்கும். கையால் எழுதும் மருந்துச் சீட்டைக் கடைசியில் பார்க்கலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியை முதலில் பி.டி.எஃப். ஆகவே உள்ளே வைத்து அனுப்பலாம், அமைப்பு அதை ஏற்கும். லேபில் மட்டும் அப்படி நின்றுவிடாதீர்கள். எண்கள் எண்களாகப் போனால்தான் அடுத்த மருத்துவர் 3 வருட கிரியாட்டினினை ஒரே வரிசையில் பார்க்க முடியும்.

அதற்கு லேப் பெயர்களைப் பொதுக் குறியீட்டோடு பொருத்த வேண்டும். லேப் மாஸ்டரைத் திறந்து பாருங்கள். 'எஃப்.பி.எஸ்.', 'ஃபாஸ்டிங் சுகர்', 'சுகர் வெறும் வயிறு' என்று ஒரே பரிசோதனை மூன்று பெயரில் இருக்கும். லேப் பரிசோதனைகளுக்கான பொதுக் குறியீடான லாயின்க்கில் மூன்றும் 1558-6. ஹீமோகுளோபின் 718-7, மூன்று மாதச் சர்க்கரை எனப்படும் எச்.பி.ஏ.1.சி. 4548-4, கிரியாட்டினின் 2160-0. அதிகம் எடுக்கும் 40 பரிசோதனைகளோடு தொடங்குங்கள். இதை லேப் டெக்னீஷியனோடு உட்கார்ந்து செய்ய வேண்டும். ரத்தத்தில் எடுத்ததா, சிறுநீரில் எடுத்ததா என்பது அவருக்குத்தான் தெரியும். அது மாறினால் குறியீடும் மாறும். அலகையும் பாருங்கள். எண்ணும் அலகும் ஒரே கட்டத்தில் '126 மி.கி.' என்று தட்டச்சாகியிருந்தால் பிரித்தாக வேண்டும்.

நோய்க்கும் அறிகுறிக்கும் ஸ்னோமெட் குறியீடு உண்டு. 2014இல் இந்தியா அந்த அமைப்பின் உறுப்பு நாடானதால் இங்கே அதற்குக் கட்டணம் இல்லை.

8. சாண்ட்பாக்ஸில் மாட்டும் இடங்கள்

சோதனைத் தளத்தில் பதிவு செய்து சாவியும் ரகசியச் சொல்லும் வாங்கிய பிறகு, புதியவர்கள் நாள்கணக்கில் நிற்கும் இடங்கள் சில.

நேரம். கோரிக்கையோடு போகும் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். இந்திய நேரத்தை அப்படியே அனுப்பினால் ஐந்தரை மணி நேரம் முன்னால் நிற்கும், கோரிக்கை திரும்பிவிடும். சர்வர் கடிகாரம் சில நிமிடம் பிசகினாலும் இதே கதிதான்.

பதில் வரும் விதம். கேட்ட உடனே அதே இணைப்பில் பதில் வராது. 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் வரும். உண்மையான பதில் பிறகு உங்கள் முகவரிக்குத் தனியாக வரும். வெளியிலிருந்து உங்கள் சர்வரை அடைய முடியாதபடி ஃபயர்வால் மறித்துக்கொண்டிருந்தால், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், ஒன்றும் வராது. முதல் சந்தேகம் அங்கே போகட்டும்.

மறையாக்கம். ரிப்போர்ட்டைப் பூட்டி அனுப்பக் கர்வ்25519 என்ற முறை. இந்தப் பெயரில் கிடைக்கும் நூலகத்தையெல்லாம் போட்டால் வேலை செய்யாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் சாவியை எழுதும் வடிவம் இரண்டு விதம். ஆணையத்தின் மாதிரி நிரல் எந்த வடிவத்தில் சாவி உருவாக்குகிறதோ அதையே பின்பற்றுங்கள். உங்கள் பக்கம் பூட்டியதை உங்கள் பக்கமே திறந்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே பிழை இருந்தால் அது திறக்கத்தான் செய்யும்.

ஃபயர் ஆவணத்தில் முதல் உறுப்பு காம்போசிஷன் (என்ன ஆவணம், யாருடையது என்று சொல்லும் பகுதி) ஆக இருக்க வேண்டும். இடம் மாறினால் மற்றவை சரியாக இருந்தும் நிராகரிப்பு வரும்.

9. சம்மதமும் மருத்துவர் அறையும்

எம்3இல் உங்கள் மருத்துவர் கேட்பவர். எந்த நோக்கம், எந்த வகைப் பதிவு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று நான்கையும் சம்மதக் கோரிக்கை சொல்லும். சாஃப்ட்வேரில் எல்லா வகையும், 10 வருடமும் தானாகத் தேர்வாகியிருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். எலும்பு முறிவுக்கு வந்தவரிடம் மனநல ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கேட்டால், விவரம் தெரிந்தவர் மறுப்பார், தெரியாதவர் நம்பி ஏமாறுவார்.

சம்மதம் முடியும் நாளில் பெற்ற பதிவுகளை அழிக்க வேண்டும். இதற்குச் சாஃப்ட்வேரில் தானியங்கி வேலை இருக்கிறதா என்று நீங்களே ஒரு நாள் சம்மதம் வாங்கி, மறுநாள் திறந்து பாருங்கள். மருத்துவர் தன் குறிப்பில் எழுதிக்கொண்டது அவருடைய பதிவு, அது இருக்கும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பு நோயாளிக்கு இருக்க வேண்டும். தமிழில் எழுதிக் கவுன்டரில் வையுங்கள். வக்கீல் தமிழில் எழுதாதீர்கள். 'உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவை இந்த மருத்துவர் 1 மாதம் பார்க்கலாம். வேண்டாம் என்றால் செயலியில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.' இவ்வளவு போதும்.

மருத்துவர் திரையில் இது மூன்றாவது கிளிக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் யாரும் தொட மாட்டார்கள். நோயாளி உட்கார்ந்த பிறகு கோரிக்கை அனுப்பினால் சம்மதம் வருவதற்குள் அவர் எழுந்து போய்விடுவார். டோக்கன் போட்டுக் காத்திருக்கும் நேரத்தில், நர்ஸ் பி.பி. பார்க்கும்போதே, நோயாளியிடம் சொல்லிவிட்டுக் கோரிக்கை போகட்டும்.

10. பாதுகாப்புத் தணிக்கை

சோதனைத் தளத்திலிருந்து நேரடித் தளத்துக்குப் போக, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ள தணிக்கையாளரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். தணிக்கைக்குப் பிறகு நிரலில் கை வைத்தால் மறுபடி தணிக்கை. அதனால் எல்லா மாற்றமும் முடிந்த பிறகு கொடுங்கள். ஆனால் தேதியை முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

தணிக்கையாளர் வருவதற்கு முன் நீங்களே ஒன்று செய்யலாம். ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து, உலாவியின் முகவரியில் தெரியும் நோயாளி எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றிப் பாருங்கள். அடுத்தவர் ரிப்போர்ட் திறந்தால் வேலையை அன்றே நிறுத்தி அதைச் சரிசெய்யுங்கள். ஊழியர்கள் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்வதையும் இதற்குள் ஒழித்துவிட வேண்டும். யார் எதைப் பார்த்தார்கள் என்ற பதிவு அப்போதுதான் அர்த்தப்படும்.

11. முதல் மாதம்

ஒரே பிரிவில் தொடங்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த ஓ.பி. நல்ல இடம். மாதாமாதம் வருபவர்கள், ஒவ்வொரு முறையும் லேப் எடுப்பவர்கள், வேறு மருத்துவரிடமும் போகிறவர்கள். முதல் மாதம் விட்டதை இரண்டாம் மாத வருகையில் பிடித்துவிடலாம்.

தினமும் சாயங்காலம் பார்க்க வேண்டிய பட்டியல் ஒன்றே: இன்று இணைக்க முயன்று தோற்றவை, காரணத்தோடு. 'பெயர் பொருந்தவில்லை' அதிகம் என்றால் கவுன்டருக்குப் போங்கள். 'பதில் வரவில்லை' என்றால் சர்வருக்கு. வாரம் ஒருமுறை, அன்று வந்த 5 பேரிடம் அவர்கள் அனுமதியோடு செயலியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரிப்போர்ட் திறக்கிறதா, அவர்களுடையதுதானா, எண்கள் கையில் இருக்கும் தாளோடு ஒத்துப் போகின்றனவா என்று மூன்றையும் பாருங்கள். நெட் போனால் கவுன்டர் என்ன செய்யும் என்பதை ஒரு தாளில் எழுதி அங்கேயே ஒட்டிவிடுங்கள். அச்சடித்த ரிப்போர்ட் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கு அந்தத் தாள்தான் ரிப்போர்ட்.